மாலைக் கூட்டத்தில் சொன்ன தவறுகள்

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் சொல்லித் தெரிந்துகொண்டதை எழுத நேர்ந்தால், அது பிறர் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுதுவேன். ஊகத்துக்கு இதில் இடம் தரப்போவதில்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்கு உரைநடையைப் பற்றிய என் பிடிவாதம் காரணமன்று. நடவாத ஒன்றை, நல்லெண்ணத்தோடு, நடந்ததாக விவரம் சேர்த்துச் சொன்ன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பற்றிச் சொல்லும்போது நானும் அப்படி விவரம் சேர்ப்பது அவருக்குச் செய்யும் இரண்டாவது கேடாகிவிடும். பெயர்களை விட்டுவிடுகிறேன். அவற்றை வெளியிட எவரிடமும் நான் இசைவு பெறவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில் மழை பொய்த்த ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. செஞ்சி வட்டத்துக் கிணறுகளில் அடிப்பாறை தெரிந்தது. அப்போது பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் பொறி ஒன்று வெளிநாட்டு உதவியாக வந்து சேர்ந்தது. துளைப்பொறி என்று எழுதவே என் கை விரும்புகிறது. ஆயினும் அங்கே எல்லோரும் அதை ரிக் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அதனுடன் வட ஐரோப்பிய நாடு ஒன்றிலிருந்து ஒரு பொறியாளரும் வந்தார். ஆங்கிலம் அவருக்கும் கற்றுப் பெற்ற மொழியே. பணியாட்களோ தமிழ் மட்டும் அறிந்தவர்கள். வித்துவான் தேர்வில் தேறி, ஆங்கிலமும் தனியே படித்து, எந்தப் பள்ளியிலும் நிலையான இடம் கிடைக்காமல் இருந்த என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்துக்கொண்டார்கள்.

ரிக்கை இயக்கியவர் தொண்டூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்தவர். முன்பு அரிசி ஆலையில் டீசல் என்ஜின் ஓட்டியவர். பாகம் பிரிந்ததில் அவருக்குக் கிடைத்த நிலத்தின் கிணறு வற்றிப்போயிருந்தது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ரிக்கில் அவருடைய வேலை தற்காலிகமானது. பொறியாளர் நாடு திரும்பும்முன் ஒருவரை நிலையான இயக்குநர் பதவிக்குப் பரிந்துரைப்பார் என்றும், அவருடைய சொல்லே முடிவு என்றும் அலுவலகத்தில் எங்களுக்குத் தெரிவித்திருந்தார்கள். அந்தக் குழுவில் அதற்குத் தகுதியுடையவர் இவர் ஒருவரே. அது கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான் என்று என்னிடம் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கே போவது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவருக்குத் துணையாக இருந்த உதவியாளர் பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர், வேடிக்கையாகப் பேசுகிறவர். குழாய் தூக்க இன்னும் இருவர் இருந்தனர். குழு அவ்வளவுதான்.

பொறியாளர் நல்லவர். இதை நான் முகமனுக்காகச் சொல்லவில்லை. செஞ்சிப் பயணியர் விடுதியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, எங்களுக்கு முன்பே வேலையிடத்தில் நிற்பார். குழாய்களைத் தாமும் தோள்கொடுத்துத் தூக்குவார். இயக்குநர் சமணர் என்பதால் பொழுது சாய்வதற்குள் உண்டுவிட வேண்டும் என்பதை அறிந்ததும், காரணம் ஒன்றும் கேளாமல் அந்த நேரத்தை வேலை அட்டவணையிலேயே சேர்த்துவிட்டார். மாதா திருநாளுக்கு உதவியாளர் கேட்குமுன்பே விடுமுறை கொடுத்தார். ஒன்று மட்டும் அவர் விரும்பியபடி நடக்கவில்லை. தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். எவராலும் அது முடியவில்லை. ‘தொரை’ என்பதை அவர் வெறுத்தார். ஆகவே அவர் இல்லாதபோது தொரை என்றார்கள். எதிரில் கூப்பிட நேர்ந்தால் தொண்டையைச் செருமினார்கள். நாளடைவில் அந்தச் செருமலுக்கு அவர் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

நாள்தோறும் வேலை முடிந்ததும் ஒரு கூட்டம் நடத்துவார். கூட்டம் என்றால் ரிக்கின் நிழலில் நாங்கள் சிலர் சேர்ந்து உட்காருவதுதான். அன்று நேர்ந்த தவறுகளை அவரவர் தம் வாயால் சொல்லவேண்டும். தண்டனை கிடையாது. தவறு தெரிந்தால்தான் அது மறுபடி நேராமல் தடுக்கமுடியும் என்பது அவர் கொள்கை. முதல் நாள் தம் தவற்றை அவரே முதலில் சொன்னார். திருகாணி ஒன்றை அளவுக்கு மேல் முறுக்கி உடைத்துவிட்டாராம். நான் அதைத் தமிழில் சொன்னபோது நால்வரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்காக அவர்கள் வெட்கப்பட்டார்கள்.

அவர் போனபின் இயக்குநர் சொன்னார்: “நல்ல மனுசன்தான் சார். ஆனா தன் மரியாதைய இன்னாத்துக்குத் தானே கெடுத்துக்கிறாரு?”

தம் தவற்றைத் தாமே சொல்வது அவர்களுக்கு வழக்கமில்லை; பிறர் தவற்றைச் சொல்வது அதைவிட இழிவு. அதுவரை அவர்கள் பார்த்த வேலையிடங்களில் ஏதேனும் உடைந்தால் மேலாள் வந்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். தலைமையானவர் முன்னே நின்று அதை வாங்கிக்கொள்வார். திட்டி முடிந்ததும் காரியமும் முடிந்தது. யார் கை என்று எவரும் கேட்பதில்லை. இங்கேயோ திட்டு இல்லை, கேள்வி மட்டும் இருந்தது. உதவியாளர் இதைத் தம் வழியில் விளங்கிக்கொள்ளப் பார்த்தார். “கோயில்ல பாவத்தைச் சொன்னா, சாமியாரு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிடுவாரு. அத்தோட தீர்ந்துது. இவரு இன்னாடான்னா எழுதி வெச்சிக்கிறாரு.”

முதல் சில நாள்கள் எவரும் வாய் திறக்கவில்லை. பொறியாளரின் முகம் வாடியது. தம்மை அவர்கள் நம்பவில்லை என்று என்னிடம் வருந்தினார். அந்த வருத்தத்தை நான் அவர்களிடம் சொன்னேன். அதைச் சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதரை வருந்தவிடக்கூடாது என்று அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு யார் முறையோ அவர் ஒரு தவறு சொல்லவேண்டும். தவறு நேர்ந்திருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. எவருக்கும் இழுக்கு இல்லை. அவருக்கும் மனம் நிறையும்.

மாலை நெருங்கும்போது அவர்கள் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

“இன்னிக்கு யாருதுடா?”

“என்துதாண்ணே. எண்ணெய் மூடியப் போட மறந்துட்டேன்னு சொல்லலாம்னு இருக்கறேன்.”

“அத்த நான் போன வாரமே சொல்லிட்டேன். வேற எதுனா பாரு.”

பொறியாளர் மகிழ்ந்தார். ஒவ்வொன்றையும் கருத்தோடு கேட்டார், நன்றி சொன்னார், மாற்று ஏற்பாடும் செய்தார். எண்ணெய் மூடிக்குச் சிவப்பு வண்ணம் பூசினார். ஒருபோதும் தொலையாத ஸ்பேனருக்குச் சங்கிலி வாங்கிக் கட்டினார். தம் நாட்டுத் தொழிலாளர்களைவிட இவர்கள் திறந்த மனத்தினர் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர்கள் கூட்டத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பது என் வேலை. அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதை மொழிபெயர்க்கும்படி எவரும் என்னிடம் கேட்கவில்லை.

விபத்து நடந்த ஊரின் பெயரை எழுதவில்லை. செஞ்சியிலிருந்து பேருந்தில் போய் இறங்கி, ஏரிக்கரை வழியே நடக்கவேண்டிய ஊர் அது. ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. மூன்றாவது நாளாகத் துளைத்துக்கொண்டிருந்தோம். ஊர்ப் பெண்கள் குடங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் வந்தபின் எடுத்துவரலாம் என்று எவரோ சொன்னதற்கு, குடம் அங்கே இருந்தால்தான் தண்ணீர் வரும் என்று ஓர் அம்மாள் பதில் சொன்னார்.

ரிக்கின் வேலையில் ஒன்றை மட்டும் இங்கே விளக்கவேண்டும். பாறையை இடிக்கும் சம்மட்டி குழியின் அடியில் இருக்கும். அது வரிசையாகத் திருகி இணைத்த குழாய்களின் நுனியில் தொங்கும். ஆழம் கூடக்கூட மேலே புதுக் குழாய் சேர்க்கவேண்டும். சேர்ப்பதற்காக மேல் இணைப்பைக் கழற்றும்போது, கீழே தொங்கும் அத்தனை எடையையும் குழிவாயில் செருகிய ஓர் இரும்புக் கவைதான் தாங்கும். கவை சரியாகப் பொருந்தாதிருக்கும்போது இணைப்பைக் கழற்றிவிட்டால், சம்மட்டியும் குழாய்களும் ஒருசேரக் குழிக்குள் போய்விடும்.

பொழுது சாயும் வேளை. பொறியாளர் உதிரிப்பாகம் ஒன்றுக்காகச் செஞ்சிக்குப் போயிருந்தார். இயக்குநர் உணவுக்காக ஏரிக்கரைக்கு வந்தார். நானும் வழக்கம்போல அவரோடு உட்கார்ந்து என் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கள் முதுகு ரிக்கின் பக்கமாக இருந்தது. தமக்குப் பதவி கிடைத்ததும் பெரிய பெண்ணைச் செஞ்சிப் பள்ளிக்கு மாற்றலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் ஓர் ஓசை கேட்டது. பெரிய ஓசையன்று, இரும்பு இரும்பின்மேல் வழுக்கும் ஓசை.  அவர் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

குழிவாயில் கவை ஒருக்களித்துக் கிடந்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். இயக்குநர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். யார், எப்படி என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. “சரி, எல்லாரும் போய் முகம் கழுவிக்கினு வாங்க” என்றார்.

பொறியாளர் திரும்பி வந்து குழியைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கூட்டத்துக்கு உட்கார்ந்தார். அவர் வாய் திறக்குமுன் இயக்குநர் செருமினார்.

“நான்தான்னு சொல்லுங்க சார்” என்றார் என்னிடம்.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். உதவியாளர் தலையை நிமிர்த்தி இயக்குநரைப் பார்த்தார்.  குழுவுக்குத் தலைமையானவர் சொன்ன பின் பலர் முன்னிலையில் அதை மறுத்துப் பேசுவது, அவரைப் பொய்யர் என்று சொல்வதாகும். உதவியாளர் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

பொறியாளர் கோபப்படவில்லை. எப்படி நேர்ந்தது என்று செய்து காட்டச் சொன்னார். இயக்குநர் எழுந்து போய் நெம்புகோலைப் பிடித்து, கொஞ்சம் முந்தி விட்டுவிட்டதாகக் காட்டினார். அப்படி விட்டால் குழாய் மெல்ல இறங்குமே தவிர விழாது. மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே அது தெரியும். பொறியாளர் மறுபடி கேட்டார். இயக்குநர் மேலும் விவரம் சேர்த்தார்: கண்ணில் தூசி விழுந்தது, கை வழுக்கியது, வியர்வை. ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தேன். என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அவர் சொன்னதில் ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பொறியாளர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

அவருடைய வண்டி புறப்பட்டதும் இயக்குநர் பெருமூச்சு விட்டார். “பார்த்தீங்களா, ஒரு வார்த்தை திட்டலை. நம்ப ஆபீசரா இருந்தா இந்நேரம் என் வம்சத்தையே இழுத்திருப்பாரு.”

குழாய் தூக்கும் இருவரில் ஒருவர், “இன்னிக்கு உன் முறைகூட இல்லியேண்ணே” என்றார். அந்த நிலையிலும் நாங்கள் சிரித்தோம்.

மறுநாள் காலை பொறியாளர் என்னைத் தனியே அழைத்தார். சம்மட்டி விழுந்த வேளை, அட்டவணைப்படி இயக்குநர் உண்ணும் நேரம். அப்போது அவர் எங்கே இருந்தார் என்று நேராகக் கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றேன். அது உண்மை, இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். அந்த உண்மை அவரைக் காக்கும் என்றும் நம்பினேன். தவறு அவருடையதன்று, பிறர்மேல் விழவேண்டியதைத் தாம் தாங்கினார், எங்கள் ஊரில் தலைமை என்பது அதுதான், இவ்வாறெல்லாம் விளக்கினேன்.

பொறியாளர் குழாய் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். “அப்படியானால் அவர் என்னிடம் பொய் சொன்னார்” என்றார்.

நான் மறுபடி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “சம்மட்டி போனதற்காக நான் வருந்தவில்லை. சம்மட்டிகள் போகும். நாளைக்கு எடை தூக்கும் கம்பிக்கயிற்றில் ஓர் இழை அறுந்திருக்கும். யார்மேலும் பழி வரக்கூடாது என்று இவர் கயிறு நன்றாக இருப்பதாகச் சொல்வார். அன்பினால்தான் சொல்வார். கயிற்றின் கீழே யாரோ நின்றுகொண்டிருப்பார்கள்.”

 பிறகு அவர் சிவப்பு வண்ணம் பூசிய எண்ணெய் மூடியைப் பார்த்தார். “மற்றத் தவறுகள்?” என்று கேட்டார்.

முறை வைத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆட்கள் நிறைந்த வீடு என்று எண்ணிப் பலநாள் பேசிக்கொண்டிருந்தவர், அங்கே எவரும் இல்லை என்று அறிந்தால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். “அவர்கள் என்னை மகிழ்விக்க விரும்பினார்கள்” என்றார். நான் ஆம் என்றேன். “இயக்குநருக்கு என்னால் பரிந்துரை எழுதமுடியாது” என்றார். அதன்பின் நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை. மாலைக் கூட்டமும் அன்றோடு நின்றது.

நீண்ட கொக்கிகளை இறக்கிச் சம்மட்டியை எடுக்கப் பார்த்தோம். வரவில்லை. குழிவாயை ஒரு கல்லால் மூடினோம். பெண்கள் வந்து குடங்களை எடுத்துப்போனார்கள். குடம் இருந்தால்தான் தண்ணீர் வரும் என்ற அம்மாள் தம் குடத்தை முந்தானையால் துடைத்தார். 

இயக்குநரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. பொறியாளர் கேட்டதையும், நான் சொன்னதையும், அவருடைய முடிவையும் சொன்னேன். அவர் என்மேல் சினம் கொள்ளவில்லை. நான் சொன்னதை நம்பவுமில்லை.

“யார் கையால் விழுந்தது என்று அவர்களிடம் நீங்கள் கேட்கவே இல்லையா?” என்றேன்.

“கேட்டாத் தெரிஞ்சிடுமே சார். தெரிஞ்சப்புறம் நாளைக்கு அவன்கூட நின்னு ஒரே குழாய எப்படிப் புடிக்கிறது?”

பொறியாளரோ, தவறு தெரிந்தால்தான் சேர்ந்து வேலை செய்யமுடியும் என்றார். இயக்குநரோ, அது தெரியாவிட்டால்தான் சேர்ந்து வேலை செய்யமுடியும் என்றார். இருவர் சொல்லையும் நான் பிழையின்றி மொழிபெயர்க்க வல்லவன். அவ்வாறு செய்ததால் எவருக்கும் ஒரு பயனும் விளையவில்லை.

பொறியாளர் நாடு திரும்பும் நாளில் செஞ்சிப் பயணியர் விடுதியின் முன் எல்லோரும் கூடினோம். அவர் ஒவ்வொருவருடைய கையையும் பற்றிக் குலுக்கினார். இயக்குநரின் கையை இரு கைகளாலும் பற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்து என்னைப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தார். வண்டி கிளம்பியது.

ரிக் வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. அதை இயக்க வேறோர் ஆளை எடுத்துக்கொண்டதாக அலுவலகத்தார் என்னிடம் சொன்னார்கள். உதவியாளர் கூலியாளாக அதனோடு போனார். புறப்படுமுன் அவர் இயக்குநர் வீட்டு வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், நான் பார்க்கவில்லை. எனக்குச் செஞ்சியிலேயே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது.

இயக்குநர் ஒவ்வொரு சந்தை நாளிலும் செஞ்சிக்கு வருவார். பேருந்து நிலையத்தில் எனக்காகக் காத்திருந்து பார்ப்பார். சட்டையைத் துவைத்துப் போட்டிருப்பார். அலுவலகத்துக்கும் போய்விட்டு வந்திருப்பார்.

“ஆர்டர் இன்னும் வரலியாம் சார்.”

வராது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். மென்மையாகவும் சொன்னேன், ஒருமுறை சற்றுக் கடுமையாகவும் சொன்னேன். அப்போது அவர் தம் வலக்கையை என் முன் நீட்டினார்.

“ரெண்டு கையாலயும் புடிச்சாரே சார், நீங்களும்தான் பார்த்தீங்க. கோவம் இருந்தா திட்டியிருப்பாரு. அவரு திட்டவே இல்லியே.”

 அவர் ஊருக்குப் போகும் பேருந்து வந்தது. ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பதுபோல் கையசைத்தார். பல வாரங்கள் அப்படி வந்தார். பிறகு வரவில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. கவையைச் செருகியது யார் கை என்பது தெரியாது. கையைப் பற்றியபோது பொறியாளர் சொல்ல வந்தது தெரியாது. இயக்குநர் குடும்பத்தோடு எங்கே போனார் என்பதும், போனாரா என்பதும் தெரியாது. அன்று பிற்பகல் குழியிலிருந்து வந்த பாறைத்தூள் சற்று ஈரமாக இருந்தது என்று ஊரார் சிலர் சொன்னார்கள். நான் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கல்லுக்குக் கீழே தண்ணீர் இருந்ததா என்பது தெரியாது.